நோயில்லாதவர்களில் ஒருத்தி

கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றி மைக்கைப் பிடித்துப் பேச சத்தியதாஸுக்குக் கூச்சமே கிடையாது. நர்ஸிங் மாணவிகளின் கூட்டமானாலும் சரி, பாறசாலைப் பக்கத்துச் சபைகளின் பெண்கள் ஐக்கியமானாலும் சரி, கூப்பிட்டால் போதும், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். "இது வைரஸினால வரக்கூடிய தீனம். கல்யாணம் ஆன ஆருக்கும் வரலாம். என்னைக்கோ வந்தது பத்து வருஷம் உள்ளே ஒதுங்கி இருக்கலாம். இதை வச்சுப் பெண்டாட்டிக்க நடத்தையையோ புருஷனுக்க நடத்தையையோ அளக்கப்பிடாது, கேட்டியளா" என்று அவன் சொல்லும்போது முன்வரிசைப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். இவர்களுடைய வெட்கத்தைப் போக்குவதற்கென்றே தான் பிறந்திருப்பதாக அவனுக்கு ஒரு நினைப்பு. அடுத்தவர் வெட்கத்தைப் போக்குவது சுலபமான வேலைதான். கைத்தட்டலும் கிடைக்கும், ஏத்தன் பழமும் சாயாவும் கிடைக்கும்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவன் விஞ்ஞானி. செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏக்களில் பேர்போனவை, புரதம் செய்வதற்கான செய்தியைக் கொண்டுபோகிறவை. சத்தியதாஸ் பார்த்தது அவற்றை அல்ல. புரதம் எதுவும் செய்யாத குட்டி ஆர்.என்.ஏக்களை. வெகுகாலம் யாரும் திரும்பிப் பார்க்காதவை அவை. தாமாக ஒன்றும் சமைக்காது, சமைக்கிறவளின் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகும். எந்தச் செய்தி புரதமாகலாம், எது வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும் என்பதில் இவற்றின் கை உண்டு. வைரஸ் உள்ளே புகுந்தால் இந்தக் குட்டிகளின் ஒழுங்கைக் கலைத்துவிடும். செல்லை அடக்கி வைக்கிறவை குறையும், அவிழ்த்துவிடுகிறவை கூடும். அந்தக் கலைதல் எப்போது தொடங்குகிறது, புற்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதைப் பிடித்துவிட முடியுமா என்பதுதான் அவனுடைய கேள்வி. இது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். சத்தியதாஸுக்குத் தலை சற்றுக் கனத்துத்தான் இருந்தது.

நோயாளிகளின் மாதிரிக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் நோயில்லாதவர்களுக்குத்தான். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பெண்கள் வேண்டும். யாரோ ஒருவனுடைய ஆராய்ச்சிக்காக ஆஸ்பத்திரி மேசையில் ஏறிப் படுத்து, கருப்பைவாயிலிருந்து சுரண்டிக் கொடுக்க எந்தப் பெண் சம்மதிப்பாள்? அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எந்த விதியிலும் எழுதியிராது, எல்லோரும் செய்வார்கள். லேப்பில் வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பெண்களே நோயில்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். இவனுடைய மாமியார், அவளுடைய சித்தி, இன்னொருத்தியின் நாத்தனார். நம் வீட்டுப் பெண் என்றால் நோய் இருக்காது என்று விஞ்ஞானமே நம்பிவிட்ட மாதிரி.

சத்தியதாஸ் தன் அக்காவிடம் கேட்டான். சுசீலாபாய் அவனுக்கு எட்டு வயது மூத்தவள். பாறசாலையில் வீடு, கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் கோழி, சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். பிள்ளைகள் இல்லை. புருஷன் வேதமணி மஸ்கட்டில் வெல்டர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். தம்பி ஃபோனில் கேட்டதும் அக்கா முதலில் விசாரித்தது டாக்டரைப் பற்றித்தான்.

"இதுக்கு ஆம்பிளை டாக்டரா இருப்பாவ?"

"லேடி டாக்டர்தான் அக்கா."

"நீ அங்க நிப்பியா?"

"நான் லேப்ல இருப்பேன். குழாய் மட்டுந்தான் எனக்க கைக்கு வரும்."

"செரி. உனக்க படிப்புக்கு உள்ளதில்லா. நான் மட்டும் வந்தா நாலு பேரு நாலு சொல்லுவாவ. ஐக்கியத்துப் பெண்ணுங்களையும் கூட்டிட்டு வாறேன்."

சொன்னபடியே பிஜுவின் ஜீப் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். பிஜு சபைக் காரியங்களுக்கு வண்டி ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரி வாசலில் மற்றப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டுக்கொண்டு நிற்க, முதலில் உள்ளே போனவள் சுசீலாபாய்தான். வெளியே வந்ததும் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சேலையைச் சரிசெய்துகொண்டே, "இதுல ஒண்ணும் இல்லே. பைய மூச்சு விட்டாப் போதும். போங்க பிள்ளைகளே" என்றாள். காது வரை சிவந்திருந்தது. தனக்காக இத்தனை கூச்சத்தையும் விழுங்கிக்கொண்டு வந்து நிற்கிறவளைப் பார்க்க சத்தியதாஸுக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு ஷிஜா அவனைக் கம்ப்யூட்டர் அருகே கூப்பிட்டாள். ஷிஜா அவனிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி, கழக்கூட்டத்துப் பெண். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும்.

"சாரே, நார்மல்ல ஏழாம் நம்பர் மட்டும் செரியில்ல. வைரஸ் பாசிட்டிவ். பதினாறாம் வகை, கூடுதல் மோசமானது. அது போகட்டு, நம்ம குட்டி ஆர்.என்.ஏயும் கேன்சர் சாம்பிள் போலத்தான் இருக்கு."

ஏழாம் குழாய் யாருடையது என்று ஷிஜாவுக்குத் தெரியாது. அவளுக்கு எண் மட்டும்தான். எண்களை மாற்றிப் போட்ட சத்தியதாஸுக்குத் தெரியும், அது அக்காவுடையது.

"ஐஸ் குறைஞ்சிருக்கும். ஆர்.என்.ஏ கெட்டிருக்கும்."

"இல்ல சாரே, நோக்கினேன். ஆர்.என்.ஏ நல்லதாணு."

"அப்போ பக்கத்துக் குழாயில இருந்து கலந்திருக்கும். ஒருதடவை கூடிச் செய்."

மீந்திருந்த மாதிரியிலிருந்து புதிதாகப் பிரித்தெடுத்து, முதலிலிருந்து செய்தாள். அதேதான் வந்தது.

வைரஸ் மட்டும் என்றால் இவ்வளவு கலங்க வேண்டியதில்லை. பெரும்பாலான பெண்களுக்கு அது வந்த சுவடே தெரியாமல் போய்விடும். ஆனால் இதில் அடக்கி வைக்கும் குட்டிகள் அடிமட்டத்துக்குக் குறைந்திருந்தன. உள்ளே செல்கள் தடம் மாறத் தொடங்கிவிட்டன என்று அதற்கு அர்த்தம். அந்த அடையாளத்தைப் படிக்கத் தெரிந்தவன் அந்த ஊரில் அவன் ஒருவன்தான். நோயில்லாதவர் என்று வந்த பெண்ணுக்கு வைரஸ் இருந்தால் உடனே அழைத்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது ஆராய்ச்சியின் விதி. அந்த விதியை எழுதியவனும் அவன்தான்.

அவன் மனம் டாக்டரிடம் போகவில்லை, மஸ்கட்டுக்குப் போனது. அத்தான் அங்கே இருக்கிறார். அக்கா இங்கே தனியாக இருக்கிறாள். அப்படியானால் யார்? பிஜுவின் ஜீப் நினைவுக்கு வந்தது. அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாளே. அவள் என்னவோ சொல்ல, அவன் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தானே. அதற்கடுத்து, சபையில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் நினைவுக்கு வந்தார். அவரும் வீட்டுக்கு வந்துபோகிறவர்தான். சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூட உண்ணாமல், கூடப் பிறந்தவளை ஊரிலுள்ள ஆண்களோடு ஒவ்வொருவராகச் சேர்த்துப் பார்த்தான். மேடையில் பேசிய பேச்சில் ஒரு வார்த்தைகூடத் துணைக்கு வரவில்லை. ஊருக்குத்தானே உபதேசம். இதில் இன்னும் அசிங்கமானது ஒன்று உண்டு. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்துபோகும் அத்தானைச் சந்தேகிக்கலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

டாக்டரிடம் அனுப்பினால் டாக்டருக்குத் தெரியும். அப்புறம் லேப்புக்குத் தெரியும், சபைக்குத் தெரியும். சத்தியதாஸின் அக்காவுக்கா என்று மூக்கில் விரல் வைப்பார்கள்.

"ஏழாம் நம்பரை எடுத்துரு" என்றான்.

"காரணம் என்ன வைக்கட்டும் சாரே?"

"சாம்பிள் கெட்டுப்போச்சு. அவ்வளவுதான்."

ஷிஜா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சார் சொன்னால் சொன்னதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அக்கா ஃபோன் செய்தாள். பின்னணியில் பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன.

"மக்கா, எங்க எல்லாருக்கும் செரிதானே? பெண்ணுங்க கேக்குதுங்க."

"எல்லாம் செரிதான் அக்கா."

"எனக்கும்?"

"அக்காவுக்கும்தான்."

சுசீலாபாய் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, வாத்து முட்டை கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டாள்.

வேறு ஏதாவது சாக்குச் சொல்லி அக்காவை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. அடுத்த மாதம் என்று நினைத்தான். மாநாடு முடியட்டும் என்று நினைத்தான். அப்புறம் நினைப்பதையே நிறுத்திக்கொண்டான். ஹைதராபாத் மாநாட்டில் அவனுடைய வரைபடத்தில் நோயாளிகளின் புள்ளிகள் ஒரு பக்கம், நோயில்லாதவர்களின் புள்ளிகள் மறுபக்கம், நடுவில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து வந்ததைப் பார்த்ததில்லை என்று பெரியவர்கள் வந்து கைகுலுக்கினார்கள். அவன் எல்லோருக்கும் கையைக் கொடுத்தான்.

அடுத்த வருஷம் வேதமணி மஸ்கட்டை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். அதற்கும் அடுத்த வருஷம், ஒரு நாள் காலையில் அவரிடமிருந்து ஃபோன் வந்தது.

"தம்பி, அக்காவுக்குச் சொகமில்லே. ரெத்தம் போகுது. மாசக்கணக்காட்டு மறைச்சு வச்சிருக்கா. ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேங்கா. தம்பி டெஸ்ட் செய்து பாத்தாச்சு, எனக்கு அங்க ஒரு கேடும் இல்லே, இது வயசுக்குள்ளதுன்னு ஒரே சாதிப்பு. நீ சொன்னாத்தான் கேப்பா."

அவன் சொன்னான், அவள் கேட்டாள். டாக்டர் ஜெயஷீலா நெய்யாற்றின்கரைக்காரர், அக்காவோடு நன்றாகத் தமிழ் பேசுவார். பரிசோதித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், "அம்மா, இதுக்கு முன்னே எப்பவாவது சுரண்டி ஸ்மியர் எடுத்துப் பாத்ததுண்டா?" என்று கேட்டார்.

"உண்டு டாக்டர். ரெண்டு வருஷம் முந்தி. எனக்க தம்பிதான் பாத்தான். ஒண்ணும் இல்லேன்னு சொன்னான்." அந்த நோவிலும் சுசீலாபாயின் குரலில் ஒரு பெருமை இருந்தது.

டாக்டர் நிமிர்ந்து சத்தியதாஸைப் பார்த்தார். சத்தியதாஸ் மேசை விரிப்பைப் பார்த்தான். அப்போதே சொல்லியிருக்கலாம்.

சதைத் துண்டு எடுத்து, ஸ்கேனும் பார்த்தபின் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "பக்கத்துக்குப் பரவியாச்சு. ஆபரேஷனுக்கு இனி இடமில்லை. ரேடியேஷனும் மருந்தும் சேர்த்துக் குடுப்போம். சொகமாகும்னு நம்பலாம், உறுதி சொல்ல ஒக்காது. அன்னைக்கே கண்டிருந்தா ஒரு சின்ன சிகிச்சை. சாயங்காலம் வீட்டுக்குப் போயிருக்கலாம். சத்தியதாஸ், உங்க டெஸ்ட்ல இது எப்படித் தப்பிச்சது?"

"தெரியல்ல டாக்டர்."

இதைச் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினான். கண்ணாடியைப் பார்க்கக் கூசியது.

அக்காவை வார்டில் சேர்த்து ரேடியேஷன் தொடங்கினார்கள். மத்தியானங்களில் லேப்பிலிருந்து நடந்து வந்து பார்த்துவிட்டுப் போவான். ஒரு நாள் அவன் வந்தபோது, வேதமணி அத்தான் தூக்கிலிருந்து கஞ்சியை ஊற்றி நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா வாங்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த மாடம்மாள் எழுந்து வந்து, "எனக்கிட்டத் தாங்க அண்ணே" என்று வாங்கிக் கொடுத்தபிறகுதான் குடித்தாள். வேதமணி வராந்தாவுக்குப் போனார். சத்தியதாஸும் பின்னாலேயே போனான்.

"டாக்டரம்மா வைரஸ்னு சொன்ன அன்னையில இருந்து இப்படித்தான்" என்றார் வேதமணி. "அவ ஒண்ணுதான் கேக்குதா. 'நீங்க மஸ்கட்ல இருந்தப்போ தம்பி பாத்தான், அப்போ ஒண்ணும் இல்லே. நீங்க வந்து கூடுன பெறகு வந்திருக்கு. அப்போ எங்க இருந்து கொண்டாந்திய?' நான் என்னத்தச் சொல்ல? கூட்டுக்காரனுவ போற இடமெல்லாம் எனக்குத் தெரியும் தம்பி. கர்த்தர் அறிய நான் போவல்லே. பைபிளைத் தொட்டுச் சொன்னாலும் நம்ப மாட்டேங்கா. நீ படிச்சவன். ஒரு ஆம்பிளை போவல்லேன்னு காட்டுகதுக்கு ஏதாவது டெஸ்ட் உண்டா?"

வெல்டிங் பொறி பட்டுத் தழும்பேறிய கைகளால் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆண்டுக்கணக்காகப் பாலைவனத்தில் கிடந்து குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர், ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் பார்க்கக் குலுங்கி அழுதார். சத்தியதாஸுக்கு விளங்கியது. அன்றைக்கு ஃபோனில் சொன்ன ஒரு வார்த்தை. அக்காவின் உடம்பைக் கெடுத்தது போதாதென்று, இப்போது இவர் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

அப்போதும் அவன் நேர்வழிக்கு வரவில்லை. உள்ளே போய், மேடைப் பேச்சை எடுத்தான். "அக்கா, இது புதுசா வந்ததுன்னு ஆரு சொன்னா? கல்யாணமான புதுசிலே வந்தது இத்தனை வருஷம் உள்ளே இருந்திருக்கலாம். அத்தானைக் குறை சொல்லப்பிடாது."

சுசீலாபாய் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "பழசுன்னா நீ பாத்தப்போ தெரிஞ்சிருக்கும்லா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு இப்போது சோறும் தீர்ந்துவிட்டது. ஒன்று அத்தான் குற்றவாளி, இல்லையென்றால் அவன். மாடம்மாள் தூக்கைக் கழுவ வெளியே போயிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுது" என்றான்.

அக்கா திரும்பினாள்.

"அன்னைக்கே இருந்தது அக்கா. வைரஸும் இருந்தது, கேடு தொடங்கின அடையாளமும் இருந்தது. ரெண்டு தடவை பாத்தோம். நான்தான் சொல்லல்லே."

அவள் திட்டுவாள், தலையிலடித்துக்கொண்டு அழுவாள் என்று காத்திருந்தான். அவள் யோசித்தாள். மெலிந்துபோன முகத்தில் புருவங்கள் நெருங்கி நின்றன.

"அப்போ அவியளுக்க மேல ஒரு தப்பும் இல்லே."

"ஆருக்க மேலயும் இல்லே அக்கா. இது..."

"நீ நில்லு. மறந்துபோனியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் மன்னித்திருப்பாள். ஒரு தலையாட்டல் போதும். இனியும் ஒரு பொய்யைத் தாங்கும் சக்தி அவனுக்கு இருக்கவில்லை.

"மறக்கல்லே."

"பின்னே என்னத்துக்குச் சொல்லல்லே?"

"மானக்கேடுன்னு நினைச்சேன்."

"ஆருக்கு?"

சுசீலாபாய் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. விளங்குவதை அவன் கண்ணால் கண்டான்.

"அத்தான் ஊருல இல்லாத நேரம்" என்றாள். "அப்போ நீ என்னை நினைச்சிருக்கே."

"அக்கா, நான் ஒரு..."

"ஆருகூட நினைச்சே?"

அவன் சன்னல் பக்கம் திரும்பினான்.

"வெறுமனே அப்பிடி நினைக்க ஒக்காது. ஒரு ஆளை நினைச்சிருப்பே. ஆரெடே?"

பிஜுவின் பெயர் அவன் தொண்டைவரை வந்து நின்றது. உபதேசியாரின் பெயர் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது. தலையைக் குனிந்துகொண்டான். ஒருவரா, பலரா என்று அக்கா அதற்குமேல் கேட்கவில்லை.

அந்த வார்டில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ டாக்டர்கள், நர்ஸுகள், மெஷின்காரர்கள் அவள் உடம்பைத் திறந்து பார்த்திருந்தார்கள். தீனத்துக்கு என்னத்த நாணம் என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு. இப்போது தம்பியின் முன்னால் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டாள். மூடிய பிறகும் இரண்டு கைகளாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்காகத்தானேடே நான் அந்த மேசையில ஏறிக் கிடந்தேன்" என்றாள்.

சத்தியதாஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அழக்கூட யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

"அவியள உள்ளே வரச்சொல்லு. நீ வரண்டாம்."

வராந்தாவில் வேதமணி, மாடம்மாள் கழுவிக் கொடுத்த தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "அக்கா கூப்பிடுதா" என்றான் சத்தியதாஸ். அவர் நம்பாமல் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்க முடியாமல் இவன் வேறு பக்கம் திரும்பினான்.

"நீ எடுத்துச் சொன்னியா தம்பி? நீ சொன்னா கேப்பான்னு எனக்குத் தெரியும். உனக்க வார்த்தைன்னா அவளுக்கு வேதமில்லா!" என்று சொல்லி, அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"அத்தான், நான் அப்பிடி இல்லே, நான்தான்..." என்று சத்தியதாஸ் தொடங்கினான். உள்ளேயிருந்து அக்கா தன் புருஷனைக் கூப்பிடும் குரல் கேட்டது. இத்தனை நாளும் கூப்பிடாத குரல். வேதமணி கைகளை விட்டுவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு ஓட்டமாக உள்ளே போனார்.

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். அத்தான் திரும்பி வரும்போது எல்லாம் தெரிந்துதான் வருவார். அதற்கு முன் படியிறங்கி ஓடிவிட வேண்டும் என்று சத்தியதாஸுக்குத் தோன்றியது. ஆனால் வெட்கம் அவன் காலை எடுக்கவிடவில்லை. அவர் வரட்டும் என்று, கதவைப் பார்த்தபடி அங்கேயே நின்றான்.